திறப்பின் விலை

முந்நூற்றுப் பன்னிரண்டு மீனவக் குடும்பங்களின் வாழ்நாள் வியர்வைக்கு விலை மூவாயிரம் டொலர் என்று கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் கிடந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் கட்டாவிட்டால் சங்கத்தின் கணக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அடியில் இன்னொரு வரி.

சங்கச் செயலாளர் சிமியோன் கதிரையின் நுனியில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"எப்பிடி அங்கிள் கள்ளர் கணினிக்குள்ளை வந்தவங்கள்?" என்று கேட்டாள் லவீனா. சங்கத்தின் வெப்சைட்டையும் கணினியையும் பார்த்துக்கொள்பவள் அவள். செய்தி கேட்டதும் உடுவிலிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தாள்.

"என்ஜினுக்கு மானியம் எண்டு ஒரு ஈமெயில் வந்தது, பிள்ளை. அமத்திப்போட்டன்."

"தெரியாத ஈமெயிலைத் திறக்கவேண்டாம் எண்டு பெரிசா எழுதிச் சுவரிலை ஒட்டினனான் எல்லோ?"

"அரசாங்கம் சும்மா தாறம் எண்டால் ஆர் பிள்ளை சுவரைப் பாக்கிறது?"

"சரி, கணக்கைப் பிரதி எடுத்துப்போட்டுப் பின்னேரத்திலை கழட்டிக் கோயில் அலுமாரியிலை வையுங்கோ எண்டு ஒரு டிஸ்க் தந்தனே?"

டிஸ்க் கணினியிலேயே செருகினபடி தொங்கிக்கொண்டிருந்தது. கணக்கோடு சேர்த்துப் பிரதியையும் கள்ளர் பூட்டிவிட்டார்கள்.

வாசலில் சனம் திரண்டுவிட்டது. வெப்சைட்டைத் திறந்தாலும் அதே சிவப்பு எழுத்து. பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் போன் எடுத்துத் தாய்மாரைக் கலக்கிவிட்டார்கள். சேமிப்புப் புத்தகங்களை நிறுத்தி இரண்டு வருடம். யாருக்கு எவ்வளவு என்பது இப்போது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

மீன் விற்கும் லூர்த்தம்மா சனத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தாள். "தம்பி சிமியோன், என்ரை ஆறு லட்சம் இருக்கோ, போட்டுதோ? என்ரை மனிசன்ரை வள்ளம் என்ஜின் இல்லாமல் கரையிலை கவிண்டு கிடக்கு. ஒன்பது வருசம் தலையிலை மீன் கடகம் சுமந்து சேர்த்தது."

சிமியோன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினார். பாதி வாய்க்குள் போனது, பாதி சட்டைக்குள் போனது.

"கள்ளருக்குக் காசு குடுக்கிறது சரியில்லை, அன்ரி," என்றாள் லவீனா. "குடுத்தாலும் பூட்டுக்குத் திறப்புத் தருவாங்கள் எண்டு உறுதியும் இல்லை."

"பிறகு என்ன செய்யிறது? ஆறு லட்சத்தைக் கடலுக்கை போட்டன் எண்டு நினைக்கவோ? முதல் அவங்களோடை கதை, பிள்ளை."

லவீனா வேறு வழியில்லாமல் எழுதிக் கேட்டாள். கள்ளர் என்றாலும் வியாபாரிகள். மாதிரி காட்டாமல் சரக்கு விற்கமாட்டார்கள். விரும்பின ஒரு கோப்பை அனுப்பு, காசில்லாமல் திறந்து காட்டுகிறோம் என்று பதில் வந்தது.

"லூர்த்தம்மா அன்ரியின்ரை கணக்கை அனுப்பட்டே?"

"வேண்டாம், பிள்ளை!" சிமியோன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "கள்ளருக்குக் கணக்கைக் காட்டப்படாது. போன வருசத் திருநாள் படம் ஒண்டு அனுப்பு."

ஒரு நிமிடத்தில் படம் திறந்து வந்தது. அதில் சிமியோன் கழுத்தில் மாலையோடு பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற சனம் கை தட்டியது. சிமியோன் திரும்பக் கதிரையில் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாதிரி சரி என்றதும் லூர்த்தம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"மூவாயிரமோ? உவங்களுக்கென்ன விசரோ? ஐந்நூறு எண்டு எழுது, பிள்ளை."

"இரண்டாயிரத்து ஐந்நூறாம், அன்ரி."

"நாறின மீனுக்கு உவங்கள் சொல்லுற விலை! அறுநூறு. இல்லாட்டி எழும்பிப் போறம் எண்டு எழுது."

"எங்கை போறது? நாங்கள்தானே மாட்டுப்பட்டிருக்கிறம்."

"அது அவங்களுக்குத் தெரியுமே? எழுது!"

முக்கால் மணி நேரம் இழுபட்டு ஆயிரம் டொலரில் வந்து நின்றது. மூன்று லட்சம் ரூபா. ஆளுக்கு ஆயிரம் ரூபா என்று தீர்மானமாகி, ஐஸ் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். பதினொன்றரைக்கு முன்பே, மீன் மணக்க மணக்க, மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் அதில் குவிந்துவிட்டது. அதை டொலராக்கி அனுப்பப் பட்டணத்தில் ஓர் ஆளும் ஆயத்தம்.

விலை இறங்க இறங்கச் சிமியோனின் நடுக்கம் ஏறிக்கொண்டே போனது. லவீனாவுக்குப் பாவமாக இருந்தது.

"பயப்பிடாதேங்கோ, அங்கிள். திறப்பு வந்த கையோடை எல்லாற்றை கணக்கையும் அச்சடிச்சு, இண்டைக்கே அவரவற்றை கையிலை குடுத்துவிடுவம்."

சிமியோன் எழும்பிப் போய், "கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ, காசு எண்ணவேணும்," என்று சனத்தை அனுப்பினார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி லவீனாவின் முன்னால் வைத்தார்.

லவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காசு தேவைக்குக் கூடவே கிடக்கு, அங்கிள். உங்கடை சங்கிலி என்னத்துக்கு?"

சிமியோன் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"மூண்டு பவுன், பிள்ளை. அவங்கள் திறக்காமல் விடுறதுக்கு இது காணுமோ எண்டு கேட்டுப்பார்."