ஒரு பொத்தானில் ஜாமீன்

தெகுசிகல்பா நகரில் ஒரு வக்கீல் அலுவலகம். குமாஸ்தா துனியா, பலேயாதா ரொட்டியைக் கடித்தபடியே தொலைபேசியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“அடி கழுதை, ஒவ்வொண்ணா அடிக்காதே! ஒரு மாதிரிக் கடிதம் வெச்சுக்கோ. பேரையெல்லாம் தனி அட்டவணையில போடு. மெயில் மெர்ஜை அழுத்து. மொத்தமும் தானா வந்து விழும்.”

பலேயாதா கொண்டுவந்த ஒஃபேலியா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் வில்மர் விசாரணையே இல்லாமல் சிறையில் இருக்கிறான். ஜாமீன் மனு நீதிமன்றத்தில் தூங்குகிறது.

“யாரும்மா போன்ல?”

“கோர்ட்டுல உத்தரவு டைப் அடிக்கிற யாதிரா, என் சிநேகிதி. அவ வேகத்துக்கு உங்க பையன் முறை கிறிஸ்மஸ் கழிச்சுத்தான் வரும். இனி பாருங்கக்கா, இன்னிக்கே உத்தரவு!”

ஒஃபேலியா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். வீட்டுக்குப் போகாமல் அங்கேயே காத்திருந்தாள்.

மாலையில் யாதிரா அழைத்தாள்.

“நீ தெய்வம்டி! முன்னெல்லாம் ஒவ்வொரு மனுவுக்கும் தனித்தனியா காரணம் சொல்லணுமேன்னு நீதிபதி படிச்சுப் பார்ப்பாரு. இன்னிக்கு ஒண்ணைக்கூடப் பிரிக்கலை. ‘தள்ளுபடி’ன்னு ஒரே கடிதம். பேர் மட்டும் மாறுது. எல்லாத்தையும் அனுப்பியாச்சு!”

துனியா தொலைபேசியை வைத்தாள்.

“என்னம்மா, உத்தரவு வந்துடுச்சா?”

“வந்துடுச்சுக்கா.”

“அதுக்குள்ளயா! உன் சிநேகிதி நல்லா இருக்கணும்.”