ஆதிரைக்குத் தனி ஃபில்டர்

வீட்டில் எல்லோர் நகத்துக்கும் பச்சை காட்டிய நர்ஸின் சோதனைக் கருவி, வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்த ஆதிரைக்கு மட்டும் சிவப்பு காட்டியது. உடம்பில் ஆர்சனிக் விஷம்.

"அவ மாமியார் வீட்டுலதான் எதையோ கலந்திருக்காங்க," என்றாள் தாய் ஷர்மிளா.

"இல்லம்மா, அங்க வளந்த நகநுனி சுத்தமா இருக்கு. அடியிலதான் விஷம். இங்க வந்தப்புறம் ஏறினது," என்றாள் நர்ஸ் ஜெசிந்தா. "இவங்க எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?"

"அவளுக்குத் தனி ஃபில்டர். ஃபில்டர்ல போட நீங்க குடுக்கிற மணல நான் நம்பமாட்டேன். அவளோடத மட்டும் தினமும் சோப்புத்தூள் போட்டு அலசுவேன்."

ஜெசிந்தா சோப்புத்தூள் பையைத் திருப்பிப் படித்தாள். "இதுல பாஸ்பேட் இருக்கு. இந்த ஊர்த் தண்ணியில இருக்கிற ஆர்சனிக்கப் பிடிச்சு வைக்கத்தான் அந்த மணல். பாஸ்பேட் பட்டா மணல் அதப் பிடிச்சுக்கிட்டு, சேத்து வச்ச ஆர்சனிக்கத் தண்ணியில விட்டுரும்மா."

ஷர்மிளா பாய்ந்து மகள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். அது காலியாக இருந்தது.