எட்டு மணி நடை

ஐந்து மணியானால் வெள்ளையன் வாசற்கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும்.

"ஏங்க, நாய் கூப்பிடுது. எந்திரிங்க."

தேவஇரக்கம் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். "செத்த நேரம் கழிச்சுப் போறேன். நீ அதை வெளிய விடு."

ஞானரத்தினம் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறப்பாள். அந்த ராஜபாளையத்து நாய் தோட்டத்துப் பக்கம் இருட்டில் வெள்ளையாக ஓடி மறையும். அவர் எழுந்து தோட்டத்துக்குக் கிளம்பும்போது மணி எட்டு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருவுக்கு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம். போஸ்ட்மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மம்சாபுரம் பாதையில் அந்தத் தோட்டத்தை வாங்கியிருந்தார் தேவஇரக்கம். நாயும் தோட்டத்தோடு வந்ததுதான்.

விடியற்காலையில் நடந்தால்தான் கால்வீக்கம் வடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புரட்டாசி முழுக்க ஒழுங்காகத்தான் போனார். திரும்பி வந்து காப்பி குடித்தபடி ஒவ்வொன்றாகச் சொல்வார். மேற்கு மலையில் மேகம் பாதி வரைக்கும் இறங்கியது, எலுமிச்சை மரத்துச் சிலந்தி வலையில் பனி கோத்திருந்தது, பவளமல்லி கொட்டிக் கிடந்ததால் கால் வைக்க மனசில்லாமல் சுற்றி வந்தது.

ஐப்பசி பிறந்தது. விடியற்கால நடையும் நின்றது, அந்தப் பேச்சும் நின்றது. அந்தப் பேச்சு இல்லாமல் ஞானரத்தினத்துக்குக் காப்பியே ருசிக்கவில்லை.

ஒருநாள் தோட்டக்காரன் சங்கையா வந்து நின்றான்.

"அம்மா, விடியுமுன்ன யாரோ தோட்டத்துக்குள்ள வந்து போறாவ. நான் வாரதே ஏழு மணிக்கு. ஈர மண்ணுல செருப்புத் தடம் கெடக்கு."

"நாய் அங்கதானல கெடக்கு? கொரைக்கலியா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் பாத்திருக்கான். வாலை ஆட்டிக்கிட்டு அந்த ஆளு பின்னாலயே போகுதாம்!"

எசமானைத் தவிர யாரையும் அண்டவிடாத சாதி அது.

ஞானரத்தினம் புருஷனிடம் போய்ப் பொரிந்தாள். "தோட்டத்துல கள்ளன் நடமாடுதான். நீங்க இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குதிய!"

"என்னத்தை எடுத்துட்டுப் போயிரப் போறான்? விடு."

அவள் விடவில்லை. மறுநாள் நாயை வெளியே விட்டு, முக்காட்டைப் போட்டுக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.

வேலி ஓரம் போனதும் நின்றுவிட்டாள்.

உள்ளே பிச்சை முகம்மது நடந்துகொண்டிருந்தார். தோட்டத்தின் பழைய சொந்தக்காரர். ஜவுளிக்கடை நொடித்துப்போய், தோட்டத்தை விற்றுவிட்டு மதுரைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார் என்றுதான் கேள்வி; ஆள் இங்கேதான் இருக்கிறார். தொழுகை முடித்து நேரே வந்திருப்பார் போல, தலையில் இன்னும் தொப்பி இருந்தது.

நாய் அவர்மேல் படாமல் ஒரு முழம் தள்ளி, அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்தது. அப்படிப் பழக்கியிருந்தார்.

"இந்த மழைக்கு இது தழைஞ்சிருச்சு, பாத்தியாடா?" என்று அதனிடம் ஒரு மாமரத்தைக் காட்டினார். கிளையில் தொற்றியிருந்த புல்லுருவியை எட்டிப் பிடுங்கினார். கீழே கிடந்த எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து, வெகுநேரம் மோந்து பார்த்துவிட்டு, கிணற்று மேட்டில் வைத்தார். எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஞானரத்தினம் சத்தம் போடாமல் திரும்பிவிட்டாள்.

வீட்டில் தேவஇரக்கம் தூங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அவர் உன்னைப் பாத்துட்டாரா?" என்றார் பதற்றமாக.

அவள் திகைத்துப்போனாள். "இல்ல... ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஐப்பசி மொதத் தேதியே தெரியும். நான் உள்ள போறதைப் பாத்துட்டு, அவர் கையால வச்ச மரத்துக்குப் பின்னாலயே ஒளிஞ்சாரு. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

"அதுக்காவ ஒங்க ஒடம்பைக் கெடுத்துக்கிடுவியளா? 'எப்ப வேணும்னாலும் தாராளமா வாங்க பாய்'னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு."

தேவஇரக்கம் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நான் 'வாங்க'ன்னு சொல்லிட்டா, அன்னைக்கே அது என் தோட்டமாயிரும், ஞானம்."