பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று லாக்லன் சொல்லிவிட்டார். வாசலைப் பார்த்தாலே போதாதா என்று கேட்டார். போதும் என்றுதான் பட்டது. பன்னிரண்டு பெட்டிகளின் வாசலிலும் தேனீக்கள், பந்தி நடக்கிற வீட்டைப் போல முண்டியடித்துக்கொண்டு நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்தன.

ஆகஸ்ட் கடைசி வாரம். பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்களுக்கு அது குளிர்காலத்தின் முடிவு. விடியும்போது வாளித் தண்ணீர் உறைந்து கிடந்தது. பதினொரு மணிக்குத்தான் வெயில் முகம் காட்டியது. ஒட்டாகோ குளிரில் மூடியைத் திறந்தால் உள்ளே குஞ்சுகள் விறைத்துவிடும் என்பது எங்கள் ஊரில் தேனீ வளர்க்காதவர்களுக்கும் தெரியும். ஆகவே தோப்புக்காரர் வாரனும் வற்புறுத்தவில்லை.

அடுத்த மாதம் அவர் தோப்பில் செர்ரி பூக்கும். பூவுக்குப் பூ தாவத் தேனீ இல்லையென்றால் அந்த வருடம் பழமும் இல்லை. ஆறு வருடமாக அங்கே போய்க்கொண்டிருந்தவை லாக்லனின் பக்கத்து வீட்டு நெட்டாவின் பெட்டிகள். அவர் பிழைப்பே அதுதான். போன குளிர்காலத்தில் நெட்டாவுக்கு நான்கு பெட்டிகள் செத்ததிலிருந்து வாரனுக்கு மனம் ஆட ஆரம்பித்தது. ஆட்டிவிட்டவர் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேனீயின் மேல் ஒட்டி உறிஞ்சிக் கூட்டையே அழிக்கும் உண்ணிக்கு அஞ்சி நெட்டா இலையுதிர்காலத்தில் பெட்டிக்குள் மருந்துப் பட்டை தொங்கவிடுவார். லாக்லன் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆஸ்பத்திரி வளர்ப்பு. தன் தேனீக்கு மருந்தும் இல்லை, மாயமும் இல்லை, தெம்பிருந்தால் பிழைக்கட்டும் என்று தேனைக்கூட எடுக்காமல் ஏப்ரலில் மூடியவர், அதற்குப் பிறகு மூடியைத் தொடவே இல்லை.

குளிரில் எத்தனை பெட்டி போனது என்று கேட்டு வருடா வருடம் ஒரு படிவம் வரும். ராணி சரியில்லையா, குளவியா, பட்டினியா, உண்ணியா என்று நீளும் கேள்விகளின் மேல் லாக்லன் ஒரே கோடாக இழுத்து, ‘இழப்பு: பூஜ்யம்’ என்று எழுதினார். தபாலில் போடுவதற்கு முன் பேக்கரியில் நான்கு பேருக்கு அதைக் காட்டினார். ஐந்தாவது ஆள் நான்.

அன்றைக்கு வாரன் பெட்டிகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோதுதான் நெட்டா வேலியைத் தாண்டி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

“வா நெட்டா. உன் நோயாளிங்க எல்லாம் எப்படி இருக்காங்க?” என்றார் லாக்லன்.

“இருக்குதுங்க.” நெட்டா குனிந்து முதல் பெட்டியின் வாசலைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

வாரனும் குனிந்தார். நுழைகிற தேனீக்களில் பல, முதுகெல்லாம் வெள்ளைப் பொடியோடு வந்து இறங்கின. “இது என்னப்பா, பவுடர் போட்டுக்கிட்டு வருது?”

லாக்லனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? மகரந்தம் என்றார். ஊரில் மற்றவர்களுடைய தேனீக்கள் போர்வைக்குள் கிடக்க, தன்னுடையவை அதற்குள் பூவைத் தேடிப் பிடித்துவிட்டன, மருந்து தின்று வளர்ந்ததற்கு இந்த மோப்பம் வராது என்று நெட்டாவின் காதுபடவே விளக்கினார்.

“மகரந்தத்தைக் கால்லதானே உருட்டிக்கிட்டு வரும்?” என்றார் வாரன்.

“சோம்பேறித் தேனீ கால்ல கொண்டுவரும். இது மேலெல்லாம் பூசிக்கிட்டு வருது.”

நெட்டா நிமிர்ந்தார். “இந்தக் குளிர்ல எந்தப் பூ, லாக்லன்?”

“உனக்குத் தெரியாத பூ ஊர்ல எவ்வளவோ இருக்கும்மா.”

வாரன் சிரித்துவிட்டார். இந்த வருடம் பன்னிரண்டும் லாக்லனுடையதுதான் என்று சொல்லி, நெட்டாவை நேராகப் பார்க்காமல் லாக்லனிடம் கையை நீட்டினார்.

“திறக்கத்தானே கூடாது? தூக்கிப் பாக்கலாமில்ல?” என்றார் நெட்டா. பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் பெட்டியின் அடியில் விரலைக் கொடுத்தார். தேன் நிறைந்த பெட்டியை இரண்டு ஆள் சேர்ந்தாலும் அசைப்பது கஷ்டம். இது ஒற்றைக் கைக்குக் காலி அட்டைப்பெட்டியாக எழும்பியது. அடுத்ததும் அப்படியே.

வாரனின் கை பாதி வழியில் நின்றது. லாக்லன் மூன்றாவது பெட்டியைத் தானே தூக்கிப் பார்த்தார். அதுவும் கையோடு எழும்பியது.

நெட்டா மெல்லத்தான் சொன்னார்: “அது மகரந்தம் இல்ல, லாக்லன், என் தேனீங்க எந்தச் செத்த பெட்டியில போய்த் தேன் திருடுதுன்னு பாக்க, காலையில என் பெட்டி வாசல்ல நான் தூவின கோதுமை மாவு.”