பங்காருபாளையத்துக்கு டிரான்ஸ்பர்

சித்தூர் மாவட்ட ஆபீசிலிருந்து வந்த மெயிலைச் சிவசங்கரி மறுபடியும் படித்தாள். அவளைப் பங்காருபாளையத்துக்கு மாற்றியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

நேராக மண்டல அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"எட்டு வருஷமா ஒரு மெயில் வுடாம பதில் போட்டுக்கினு கீறேன் சார். அதுக்கு இதுவா?"

"நல்லா வேல செய்றவங்களத்தாம்மா மாத்துவாங்க. அங்க ஒரு மெயிலுக்கும் பதில் போறதில்லியாம்."

"பசங்க நகரியில படிக்கிறாங்க. அவருக்கு இங்கதான் தறி கீது. ஒரு வார்த்த சொல்லி நிறுத்துங்க சார்."

"மேலருந்து ஆர்டர் வந்துட்ச்சி. என் கையில ஏமீ லேதம்மா."

சனிக்கிழமை ஆபீசிலேயே பிரிவு உபசாரம் நடந்தது. மாலை, சால்வை, பொட்டலத்தில் புளியோதரை. கிளார்க் ரமணா அவளுடைய சேவையைப் பற்றிப் பேசப் பேச அழுதே விட்டார். ஆர்டரை இரண்டு தடவை படித்துப் பார்த்த அவள் கணவன் ஹரிபாபு மட்டும் நடுவில் எழுந்தான்.

"சார், ஒரு சந்தேகம். இவ கவர்மென்ட்டு வேலைல எப்ப சேந்தா?"

சிவசங்கரிக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச்சாரியில், அவளுடைய பிரௌசிங் சென்டர் பூட்டிக் கிடந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆபீசுக்கு மெயில் ஐடி இல்லாததால், 'இப்போதைக்கு' என்று அவளுடைய ஐடியை மேலிடத்துக்கு எழுதி அனுப்பியவர் ரமணாதான்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் இப்ப கிளறாதப்பா. திங்கக்கிழம போய்ச் சேரலன்னா இந்தம்மாவ சஸ்பெண்ட் பண்ணிடுவாங்க."