ஏழாவது டெக்ல ஹார்ன் சத்தம்

கப்பல் நெறைய புது காரு. ஏழாவது டெக்ல ஒரு எலக்ட்ரிக் கார்லேருந்து புகை வந்துச்சு. நாங்க வெளிய ஓடி வந்து இரும்புக் கதவ மூடுறதுக்குள்ள பக்கத்துக் காரெல்லாம் பத்திக்கிச்சு. கதவுக்கு வெளிய நின்னு பேர் கூப்பிட்டா, எங்ககூட வேலை பாக்குற அன்றோ மட்டும் இல்ல. ரவுண்ட்ஸ் போறப்பல்லாம் ஏதாச்சும் ஒரு கார்ல ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்துக்குவான். "வாங்கத்தான் வக்கில்ல, உக்காந்தாவது பாக்குறேன் மாப்ள"ம்பான். அப்பத்தான் உள்ள ஹார்ன் அடிக்க ஆரம்பிச்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, டெக் மொத்தமும். "ஒயர் உருகுதுடா, அதான் தானா அடிக்குது"ன்னாரு சீஃப் ஆபீசர் ரொசாரியோ. "சார், அதுல ஒண்ணு விட்டு விட்டு அடிக்குது சார், கேளுங்க"ன்னேன். எல்லாருமே கேட்டோம். "அதுவும் ஒயர்தான்." "அன்றோவா இருந்தா?" "கதவத் தொறந்தா காத்து உள்ள போவும். கப்பலோட நாம எல்லாரும் காலி. தொறக்கிறியா? போ, போய்த் தொற." யாரும் அசையல. சீஃப் கேஸத் தொறந்துவிட்டாரு. உள்ள இருக்குற காத்த வெளிய தள்ளி, மூச்சுமுட்ட வச்சே தீய அணைக்கிற கேஸ். பேட்டரித் தீ அதுக்கெல்லாம் அடங்கல. கதவுல பெயிண்ட் கொப்பளிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, ஹார்னெல்லாம் அலறிக்கிட்டேதான் இருந்துச்சு. அந்த ஒண்ணு மட்டும் நின்னுடுச்சு. "ஃபியூஸ் போயிருக்கும்"னாரு சீஃப், யார் மூஞ்சியையும் பாக்காம. "ஆமா சார், ஃபியூஸ்தான்"னு ஒவ்வொருத்தரா சொன்னோம்.