வாய் திறக்காத ஆமை

வறண்ட ஏரியை விட்டு ஒற்றைக் குஞ்சோடு இந்தக் குளத்துக்குப் பிழைக்க வந்த வாத்து, குஞ்சைக் கோரைப் புல்லுக்குள் ஒளித்து வைத்தது. வெளியூர்ப் பறவைகளைப் பிடித்துவர மலை ராசா பருந்துகளை அனுப்பியிருந்தார்.

“பயப்படாதே தாயி, உன்னைக் காட்டிக் கொடுக்க மாட்டோம்” என்றது குளத்துத் தலைவரான ஆமை.

“தடுப்பீங்களா அண்ணே?”

“ராசாவோட ஆளைத் தடுக்க நான் யாரு?”

மறுநாள் பருந்து வந்து, “வந்தேறிக எங்கே?” என்று அதட்டியது. ஆமை பதில் சொல்லாமல் தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. நடுக்குளத்தில் கால் வைக்க வேறு இடமில்லாத பருந்து அந்த ஓட்டின் மேலேயே இறங்கியது. அங்கிருந்தபடி கோரைக்குள் நிதானமாகத் தேடிக் குஞ்சை இழுத்தது. ஓட்டில் வைத்துக் குஞ்சின் உடம்பில் நகத்தை நன்றாகப் பதித்து, தூக்கிக்கொண்டு பறந்தது.

வாத்தின் அலறல் ஓய்ந்தபின் ஆமை தலையை நீட்டியது. “பார்த்தியா தாயி, நான் வாயே திறக்கலை.”

“முதுகில ரத்தம் இருக்கு அண்ணே, கழுவிக்குங்க” என்றது வாத்து.